ஆன்டோவின் அறையில் தண்ணீர்

என் பிராணனை வாங்கிய அன்பு ஆன்டோவுக்கு,

சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்து மக்களுக்கும் கடலுக்கடியில் வாழும் சகல ஜீவராசிகளுக்கும் இதனால் தெரிவிப்பது யாதெனில்: நேற்று மாலை நாலரை மணிக்கு நம் கடல் வீட்டுக்குள் ஒரு மீன் புகுந்துவிட்டது. விளக்கருகே நின்று என்னை முறைத்தது. நம் கணக்கு டீச்சரின் அதே முறைப்பு. நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.

மீனை விடு. அது நுழைந்த ஓட்டை உன் அறைச் சுவரில் இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒட்டுக்கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை: இது கடலுக்கடியில் வீடு கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆன்டோவின் லேப்டாப்பில் நாங்கள் இருவரும் இரண்டு வருடமாகக் கட்டிய வீடு. கடலையே பார்க்காத இரண்டு பேர். நாங்கள் பார்த்த பெரிய தண்ணீர் ஆனையிறங்கல் அணைதான்.

அந்த விளையாட்டில் காற்று, பசி, ஒழுகல் மூன்றையும் செட்டிங்ஸில் போய் நிறுத்திவிடலாம். நான் நிறுத்தச் சொன்னேன். நீ கூடவே கூடாது என்றாய். நினைவிருக்கிறதா நம் சண்டை?

"ஏம்லே உயிர வாங்குற? வீட்ல ஒழுகுறது பத்தாதா, வெளையாட்டுலயும் நான் தண்ணி எறைக்கணுமா?"

"வீட்ல ஒழுகுனா வாளி வச்சு, தூக்கிட்டுப் போயி வெளிய ஊத்துறோம்ல? இங்க மட்டும் பட்டன அமுக்குனா அந்தத் தண்ணி எங்கலே போவும்?"

"எங்கயோ போவுது. வசதியா இருக்குல்லா?"

"வசதிக்குள்ளயே சதி இருக்குலே."

சொல்லிவிட்டு இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாய். "ஒனக்குக் காத்து சும்மா வருது. எனக்கு எண்ணித்தான் வருது. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நான் வழக்கமாகச் செய்யும் குறும்பையே செய்தேன். நிஜ மனுஷன் இருந்தால் கக்கூஸ் வேண்டும் என்று கடல் வீட்டில் நீ அடம்பிடித்துக் கட்டினாயே, அதை அப்படியே பெயர்த்து உன் கட்டில் தலைமாட்டில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுக்க மனசு வரவில்லை.

போன மழைக்கு உனக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஜீப் மலை இறங்குவதற்குள் நீ போய்விட்டாய். அன்று மதியம் நீ விளையாடி எழுந்த இடத்திலேயே, விளையாட்டுக்குள் இருக்கும் உன் ஆள் கட்டிலில் படுத்திருக்கிறான். ஆட்டுவிக்க யாரும் இல்லாவிட்டால் தூங்குவான். ஆனால் மூச்சு விடுவான், அவனுக்குப் பசிக்கும். அதுவும் உன் சட்டம்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆன்டோ. நான் விளையாடாமல் இருந்தால் அங்கே நேரம் ஓடாது. நீ அப்படியே பத்திரமாக இருப்பாய். விளையாடினால் உன் காற்று குறையும். எது உன்னைக் கவனித்துக்கொள்வது? மூடி வைப்பதா, திறந்து வைப்பதா?

மூடித்தான் வைத்திருந்தேன். என் சித்தி, உன் அம்மாதான் விடவில்லை. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, நனையாமல் கட்டும் முதுகுப் படுதாவைக்கூட அவிழ்க்காமல் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றார்.

"பிரின்ஸு, வந்து அதப் போடுடா. அவன் என்ன செய்றான்னு பாப்போம்."

"தூங்குறான் சித்தி."

"எந்நேரமும் என்ன தூக்கம்? சாப்பாடு குடுத்தியா?"

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் வீடுதான். நான் மீன் பிடித்துச் சுட்டு உன் ஆளுக்கு வைப்பேன். சித்தி எனக்குப் பால் ஊற்றாத கட்டஞ்சாயா வைப்பார்.

நேற்றும் சித்தி பக்கத்தில் இருக்கும்போதுதான் சுவர் விரிந்தது. தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டது. உன் தலைக்கு மேல் அந்த நீலக் கோடு, காற்றுக் கோடு, பாதியானது. கால்வாசியானது. "லே, அவனுக்கு மூச்சு முட்டுதுடா!" என்று சித்தி என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

உன் நண்பன் என்ன செய்தான் தெரியுமா? பதறவில்லை. தகடு வெட்டி ஓட்டையை அடைத்தான். பம்ப்பை மாட்டி, உன் சட்டப்படி ஒரு சொட்டு விடாமல் வெளியே இறைத்தான். சித்தியிடம் இப்படித்தான் சொன்னேன். வகுப்பு முழுக்கவும் சொல்லிவிட்டேன். இன்று காலை பஸ்ஸில் கண்டக்டர் சேட்டனிடம்கூட.

உன்னிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

பம்ப்பைத் தொடவே இல்லை, ஆன்டோ. செட்டிங்ஸுக்குப் போய் ஒழுகலை நிறுத்தினேன், காற்றையும் நிறுத்தினேன். தண்ணீர் மறைந்தது. எங்கே போனதென்று தெரியாது. நீலக் கோடும் மறைந்தது. "கோட்டக் காணோமே?" என்றார் சித்தி. "நெறஞ்சிருச்சு சித்தி, அதான் தெரியல" என்றேன். அவர் நிம்மதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது துரோகமா, உதவியா? நீயே சொல்.

காற்றைத் திரும்பப் போடுவேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. பசியை மட்டும் நிறுத்தவில்லை. சித்தி தினமும் கேட்பார். தினமும் என் கையாலேயே மீன் பிடித்து வைப்பேன். இது சத்தியம்.

வெளியே வீரன், உள்ளே பட்டன் அமுக்கி,
உனக்குப் பதினோரு நாள் இளைய தம்பி,
பிரின்ஸ்