பின் சீட்டிலிருந்து உம்மா

வடகரை,
சனிக்கிழமை.

அன்பு மகன் முஃபீதுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் அல்லாஹ் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே உன் தங்கச்சி ஷிஃபா சுகம். நான் சுகம். உன் வாப்பாவும் உடம்பளவில் சுகம்.

தினமும் போனில் பேசுகிற உம்மாவுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். நீ வீடியோவில் வந்த உடனே வாப்பா போனை வாங்கிக்கொள்கிறார், அல்லது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துவிடுகிறார். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று மாடிக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். சொல்ல வேண்டிய இடம் வருவதற்குள் பாதியில் அழித்துவிடுகிறேன். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம். பக்கத்து வீட்டு நஸீபாவின் மாப்பிள்ளை மசூது லீவு முடிந்து நாளைக்குத் தோஹாவுக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே நார்த்தங்காய் ஊறுகாயும் முறுக்கும் இருக்கிறது. ரூம்காரர்கள் முன்னால் முறுக்கைப் பிரி, கடிதத்தைப் பிரிக்காதே.

நீ வாங்கிக் கொடுத்த வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் வாப்பா சூப்பர் என்று முடித்துவிடுகிறார். அது பொய்யில்லை. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சீட் உயரமாக இருப்பதால் என் முழங்கால் பிழைத்தது. பழைய சின்னக் காரில் ஏறினால் இறங்க ஆள் வேண்டும், இதில் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். பின்னால் இருப்பவர்களுக்குத் தனியாக ஏசி வருகிறது. செங்கோட்டை ரோட்டில் வேகத்தடை ஏறி இறங்குவதே தெரியவில்லை. டிக்கியில் அரிசி மூட்டையும் தேங்காய்ச் சாக்கும் ஒன்றாகப் போகின்றன. மழை விழுந்தால் வைப்பர் தானாக ஓடுகிறது. மேலே கண்ணாடியைத் திறந்து தலையை நீட்ட வேண்டும் என்று ஷிஃபா ஒற்றைக்காலில் நின்றாள், வாப்பா விடவில்லை.

குறை என்று பார்த்தால், நம் தெருவில் வண்டியைத் திருப்புவதற்குள் உயிர் போகிறது. பெல்ட் போடாவிட்டால் கத்துகிறது. ரிவர்ஸ் எடுத்தால் கத்துகிறது. நஸீபாவின் கோழி பின்னால் நின்றால்கூடக் கத்துகிறது. நஸீபா வந்து, ஏங்க்கா, ஒங்க வண்டி எங்க கோழிய என்ன ஏச்சு ஏசுது என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பொட்டல்புதூர் தர்காவுக்குப் போய் வண்டிக்குப் பாத்திஹா ஓதிவிட்டு வந்த அன்றிலிருந்து வாப்பாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. காலையில் பள்ளிவாசலுக்குப் போய் வந்த கையோடு துணியை எடுத்துக்கொண்டு வண்டி முன்னால் நிற்கிறார். சட்டையை அயர்ன் பண்ணிப் போடுகிறார். நான் வெளியே வந்தால் ஓடிவந்து பின்கதவைத் திறந்துவிடுகிறார். முன்னால் உட்காருகிறேன் என்றால் கேட்பதில்லை. ஷிஃபாவையும் பின்னால்தான் உட்காரச் சொல்கிறார். தெருவில் பெண்கள் எல்லாம் சிரிக்கிறார்கள், பீவிக்கு வந்த வாழ்வைப் பாருங்க என்று. எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மகன் வாங்கித் தந்த வண்டியில் மனைவியை மரியாதையாக வைத்துக் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன்.

இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி.

புது வண்டி வந்த வாரத்தில், தென்காசியில் திரும்பும் இடத்தில் சிக்னல் போடுவதற்குப் பதிலாக வைப்பரைப் போட்டார். வெயிலில் வைப்பர் ஓடியது. ரியாத்திலிருந்து வருகிற எல்லோரும் இப்படித்தான், அங்கன இடது கைதான் சிக்னலுக்கு என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அவர் ரியாத்திலிருந்து வந்து வருடக்கணக்காகிவிட்டது. பழைய காரை இத்தனை நாளும் ஒழுங்காக ஓட்டியவர்தானே? அது என் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அடுத்தது இலத்தூரில் நம் மாஜிதா மகன் கல்யாணம். என்னை மண்டப வாசலில் இறக்கிவிட்டு வண்டியை ஓரமாகப் போட்டவர் உள்ளே வரவே இல்லை. பெண்வீட்டார் போய்க் கூப்பிட்டிருக்கிறார்கள். மேடம் சாப்ட்டுட்டு வரட்டும், நான் இங்கனயே நிக்கேன் என்று சொல்லியிருக்கிறார். யார் மேடம் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வயிறு சரியில்லை, விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நான் சமாளித்தேன். பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வந்து பார்த்தால் ஏசியைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அரபி வீட்டில் டிரைவராக இருந்த காலமெல்லாம் அப்படித்தான் காத்துக் கிடந்திருப்பார் போல. அந்த வீட்டு வண்டியும் இதே மாதிரி வெள்ளை, உயரமான வண்டி. போட்டோ அனுப்பியிருந்தார்.

பிறகுதான் இலஞ்சிப் பக்கத்தில் அது நடந்தது. ஷிஃபாவைக் குற்றாலத்தில் காலேஜில் விடப் போய்க்கொண்டிருந்தோம். ரோடு காலியாக இருந்தது. வண்டி மெல்ல மெல்ல வலது பக்கம் போனது. யாரையோ முந்தப் போகிறார் என்று நினைத்தேன். முன்னால் முந்துவதற்கு யாருமே இல்லை. அப்படியே வலது பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறார், ரியாத்தில் எல்லோரும் வலது பக்கம் போவது போல. எல்லாவற்றுக்கும் கத்துகிற வண்டி இதற்குக் கத்தவில்லை. வளைவில் பஸ் வந்தது. ஷிஃபா அலறினாள். பஸ்காரர் புண்ணியவான், ரோட்டை விட்டுச் சேற்றில் இறக்கி நிறுத்திவிட்டார். இறங்கி வந்து, காலங்காத்தாலேயே தண்ணி போட்டுட்டு வந்திருக்கீரா அண்ணாச்சி, பின்னால பொம்பளப் பிள்ளய வச்சுக்கிட்டு என்று கேட்டார். ஒரு வக்து தொழுகையை விடாத மனிதரைப் பார்த்து அப்படிக் கேட்டார். உன் வாப்பா கையைக் கட்டிக்கொண்டு, மாலிஷ் மாலிஷ் என்று அரபியில் மன்னிப்புக் கேட்டார். பஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் எல்லாம் புரிந்தது.

உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். வண்டி ஏன் இலஞ்சியில் இவ்வளவு நேரம் நிற்கிறது என்று நீ மெசேஜ் போட்டாய். டீ குடிச்சோம் என்று வாப்பா பதில் போட்டார். உன் போனில் வண்டி ஒரு புள்ளியாகத் தெரியும் என்று ஷிஃபா காட்டினாள். அந்தப் புள்ளி ரோட்டின் மேல்தான் நிற்கிறது மகனே, எந்தப் பக்கம் நிற்கிறது என்று அதில் தெரியாது.

அன்றிலிருந்து ஷிஃபாவை அவரோடு தனியாக அனுப்புவதில்லை. நானும் ஏறிக்கொள்கிறேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத நான் பின்னால் உட்கார்ந்து லெஃப்ட்டு, லெஃப்ட்டு என்று சொல்லிக்கொண்டே போகிறேன். சில நாள், ஏட்டி, எனக்கே ரோடு சொல்லித் தாரியா என்று ஏசுவார். அவர் ஏசினால் எனக்கு நிம்மதி. சில நாள், சரி மேடம் என்பார். அன்றைக்கு வீடு வந்து சேரும் வரை ரோட்டிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

சாவியை ஒளித்து வைக்கலாமே என்று கேட்பாய். வைத்தேன். அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்தேன். வீடு முழுக்கத் தேடினார். கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினார். கடைசியில் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, என்னைய வேலைய விட்டு அனுப்பிட்டாங்களா, நான் என்ன தப்பு செஞ்சேன் என்று என்னிடமே கேட்டார். மத்தியானம் சோறு வேண்டாம் என்றுவிட்டார். நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய? நரம்பு டாக்டரிடம் காட்டுவோம் என்று ஷிஃபா சொன்னதற்கு, எனக்கு என்ன கேடு என்று அவள் மேல் பாய்ந்தார். நல்ல நினைப்பில் இருக்கும்போது அவருக்கு எதுவுமே நடந்ததாகத் தெரிவதில்லை.

இதற்காக உன்னைக் கூப்பிடலாமா, லீவு கேட்டால் உன் வேலைக்கு ஏதும் ஆகுமோ என்று தயங்கிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அந்தத் தயக்கமும் போய்விட்டது.

ஷிஃபாவைக் கூப்பிடக் குற்றாலம் போயிருந்தோம். சாரல் பெய்துகொண்டிருந்தது. சீசன் கூட்டம், அருவியில் குளித்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வண்டியை உரசிக்கொண்டு போனார்கள். காலேஜ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வாப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னார். மேடம், ரெண்டு வருசம் எப்பவோ முடிஞ்சு போச்சு, லீவு குடுங்க, ஊர்ல அவ ஒத்தையில கெடக்கா, எம் பிள்ள பொறந்து நடக்கவே ஆரம்பிச்சுட்டானாம், நான் இன்னும் மொகத்தப் பாக்கல என்றார்.

நீ பிறந்தபோது அவர் அங்கே இருந்தது உனக்குத் தெரியும். நீ ஓடியாடித் திரிகிற வயதில்தான் வந்து பார்த்தார். அந்தக் காலத்தில் அவர் எழுதியதெல்லாம், இந்த வருடம் லீவு இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒரு வரிதான். இப்படிக் கெஞ்சிக் கேட்டார் என்று எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. எத்தனை தடவை கேட்டாரோ, என்ன பதில் கிடைத்ததோ. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்தான் அவள் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் பயந்துவிடுவாரோ என்று அடக்கிக்கொண்டேன். லீவு குடுத்தாச்சு, ஊருக்குப் போங்க என்று மட்டும் சொன்னேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஷிஃபா நனைந்துகொண்டே ஓடி வந்தாள். உடனே திரும்பி, ஏட்டி, குடை கொண்டுபோனா குறைஞ்சா போயிருவே என்று அவளை ஏசினார். வீடு வரைக்கும் இடது பக்கமாக, ஒரு குறையும் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் சாயா கேட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதுவிட்டுத்தான் சாயா போட்டேன்.

முதல் சர்வீசுக்கு விட வேண்டும் என்று சொல்லி நேற்று வண்டியை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டேன். செங்கோட்டை டிரைவர் ஏசுவடியான் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். திருநெல்வேலியில் சர்வீஸ் முடிந்தாலும், பார்ட்ஸ் வரவில்லை என்று சொல்லி அடுத்த வாரம் வரைக்கும் வைத்திருக்கிறேன் என்றார். அதற்கு மேல் அவராலும் இழுக்க முடியாது. வண்டி வந்துட்டா, வண்டி வந்துட்டா என்று வாப்பா வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடக்கிறார். வண்டி வந்ததும் வாசுதேவநல்லூர் மாமியையும் பிள்ளைகளையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பினால் நான் எந்தப் பக்கம் என்று கத்துவேன்? எதிரே வருகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே?

வண்டி வாங்கிக் கொடுத்தது தப்பு என்று நீ நினைக்காதே. ஆசையாகக் கொடுத்தாய், அவரும் ஆசையாக வாங்கிக்கொண்டார். போனில் அவரிடம் எதையும் கேட்காதே. பத்து நாளாவது லீவு கேட்டு வா. அவர் கையிலிருந்து நீயே சாவியை வாங்கிக்கொள். நான் வாங்கினால் வேலை போய்விட்டது என்று ஒடிந்துபோகிறார். நீ வாங்கினால் மகன் ஓட்டப் போகிறான் என்று சந்தோஷமாகக் கொடுப்பார். அவரை முன்னால் உன் பக்கத்தில் உட்காரவைத்து, திருநெல்வேலி டாக்டரிடம் கூட்டிப் போ. அதற்குப் பிறகு வண்டியை வைத்துக்கொள்வதா விற்பதா என்பது உன் இஷ்டம்.

அல்லாஹ் உன்னைக் கைகால் சுகத்தோடு எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக. அவர் மனதில் இருக்கிற முஃபீது இப்போதுதான் நடை பழகுகிறான். நீயோ தாடியும் மீசையுமாக வந்து நிற்பாய். நீ யார் என்று வாப்பாவுக்குத் தெரிகிற நாளிலேயே வந்துவிடு மகனே.

உன் உம்மா,
சைதூன் பீவி