மாடிப்படியில் ஒரு மாவுச் சாக்கு

ஜூலை 3, புதன்

காலையில் ரொட்டி வாங்க இறங்கினேன். மாடிப்படியின் கடைசிப் படியில் ஒரு மாவுச் சாக்கு, வாய் கட்டியபடி. யாரோ தைக்கத் துணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தூக்கினால் துணி நெளிகிறது.

உள்ளே பூனை. முகமெல்லாம் மாவு. வால் பாதியில் மடங்கியிருக்கிறது. கழுத்தில் அழுக்கேறிய ஒரு துணிப்பட்டை.

இந்த ஊர்க்காரர்களை என்ன செய்வது? வீட்டில் பூனை வேண்டாமென்றால் சாக்கில் போட வேண்டியது, வழி மறந்துபோக நாலு சுற்றுச் சுற்ற வேண்டியது, மார்க்கெட்டில் கொண்டுவந்து அவிழ்த்துவிட வேண்டியது. கேட்டால், மீன் இருக்கிற இடம், பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். மீன்கடைக்காரன் டின், ஐஸ் தண்ணீரை வாளியோடு வீசுவதை ஒருநாள் நின்று பார்த்தால் தெரியும், அங்கே எது பிழைக்கிறதென்று. இதில் இந்த மகராசனுக்குச் சாலையைத் தாண்டி மார்க்கெட்டுக்குள் போகக்கூடச் சோம்பல். எதிரே இருக்கிற என் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பட்டை தைத்துக் கட்டிய கைதானே சாக்கையும் கட்டியிருக்கும்? அதை நினைக்க நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

ஜூலை 4, வியாழன்

மைமூன் வழக்கம்போலப் பலகாரத்தோடு காப்பிக்கு மேலே வந்தாள். கீழே அவள் கடை திறப்பதற்கு முன்னால் என்னோடு ஒரு கோப்பை குடிப்பாள். இத்தனை வருடத்தில் பெருநாளன்று மட்டும்தான் அது தவறும். நான் திட்டித் தீர்த்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க வீட்ல என்ன நெலமையோ, நமக்கென்னக்கா தெரியும்?"

"என்ன நெலமை? சாக்குக் கட்டத் தெரிஞ்ச நெலமைதான். பரிஞ்சுக்கிட்டு வராத."

காப்பியைக் குடித்து முடித்தாள். போகும்போது, "அடுப்புக் கால்ல அதோட பின்பக்கத்த ரெண்டு தேய்ப்பு தேய்ச்சு விட்டுரு, அக்கா. பெறகு வீட்ட விட்டு எங்கயும் ஓடாது" என்றாள்.

"ஓடட்டும். என் பூனையா இது?"

என் பழைய பூனை சாம்பல் செத்ததும் சொன்னேன், இந்த வீட்டில் இனிமேல் பூனை கிடையாதென்று. மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். சொன்னது சொன்னதுதான். இதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். அவனைக் கண்டுபிடித்து, கையில் கொடுத்து, கூடவே நாலு வார்த்தையும் கொடுத்துவிட்டு வருவேன்.

ஜூலை 6, சனி

படம் எடுத்து மார்க்கெட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வந்த பதில்கள்:

'அழகா இருக்கு.'

'சல்பியா அக்கா, மொதல்ல என் ப்ளவுஸோட சொந்தக்காரியத் தேடுங்க. ரெண்டு மாசமா உங்க கடையில தொலைஞ்சு கெடக்கு.'

டின் மட்டும் நேரிலேயே சொன்னான்: "நான் மீன் விக்கிறேன்க்கா, பூனைக்கு வரன் பாக்கல."

படத்தைப் பெரிதாக அச்சடித்து வந்தேன். மைமூன்தான் பசை காய்ச்சித் தந்தாள். தன் கடைத் தூணிலேயே ஒன்றை ஒட்டவும் செய்தாள். மூலை மடங்காமல் உள்ளங்கையால் அழுத்தித் தடவிவிட்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

ஒருவரும் வரவில்லை. சாக்கு — அதை அப்படித்தான் கூப்பிடுகிறேன் — தையல் மெஷினுக்குக் கீழே படுத்து என் காலை மிதிபலகை என்று நினைத்து மிதித்துக்கொண்டிருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

யார் படியேறினாலும் அலமாரிக்குப் பின்னால் ஓடுகிறது. மைமூன் வந்தால் மட்டும் வாசலுக்குப் போய் நிற்கிறது. தேங்காய்ப்பால் வாசனை போலிருக்கிறது. திருட்டுக் கழுதை.

குழந்தையைப் பார்க்க எப்போது வரட்டும் என்று அவளைக் கேட்டேன். மகள் லீசா பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாற்பத்துநாலு நாள் பத்தியம் முடியும்வரை இங்கேதான். "அவளுக்கு இன்னும் அசதியா இருக்குக்கா, பெறகு வா" என்கிறாள். போன வாரமும் இதையேதான் சொன்னாள்.

ஜூலை 12, வெள்ளி

பட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டேன். அழுக்குப் போனதும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

மயில்நீலம், ஓரத்தில் வெள்ளிக்கோடு. இந்தத் துணியை வெட்டியது நான். பெருநாளுக்கு ஹஸ்னா டீச்சர் வீட்டில் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தினார்கள். பெரியவர் சட்டையிலிருந்து தொட்டில் பிள்ளை சட்டை வரைக்கும் நான் தைத்தது. கடையில் எடுத்த துணி இல்லை. டீச்சரின் மகன் கோலத்திரெங்கானுவில் சொல்லி நெய்து வாங்கியது. இந்த ஊரில் வேறு யாரிடமும் இல்லை.

ஆக, பெருநாள் படத்தில் பூனைக்கும் ஒரே நிறம். படம் எடுத்து முடிந்ததும் சாக்கு.

வரட்டும். நாளைக்குக் கல்யாணத் துணியோடு வருகிறார்களாம்.

ஜூலை 13, சனி

வந்தார். இரண்டு மருமகள்களும் கூட. மேசைமேல் துணியை அடுக்கினார்கள். அளவு எடுத்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பூனையைத் தூக்கி அந்தத் துணிமேலேயே வைத்தேன்.

"டீச்சர், உங்க வீட்ல ஒருத்தருக்கு மட்டும் அளவு எடுக்காம விட்டுட்டீங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் புரியவைத்தேன். புரியவைத்தேன் என்றால்... எல்லாமே சொன்னேன். பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுத்த வாயா இது என்றுகூடக் கேட்டுவிட்டேன். படியில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "சல்பியா, என் வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. பெருநாள் சட்டையில மருந்துக் குழல் வைக்கன்னு உள்பக்கமா தனிப் பை வச்சுத் தைச்சுக் குடுத்தது நீதான். அந்த வீட்ல பூனை வளப்பாங்களா?"

மருமகள்கள் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்கள். ஒட்டிய பூனையின் வெள்ளை மயிரைத் தட்டித் தட்டி மடித்தார்கள். போய்விட்டார்கள்.

அந்தப் பையைத் தைத்தது நான்தான். நினைவு இருக்கிறது. பொத்தான் வேண்டாம், அவசரத்துக்கு எடுக்க வேண்டும் என்று நானேதான் சொன்னேன். எருமை, எருமை, உனக்கு வாய் எங்கே இருக்கிறது, மூளை எங்கே இருக்கிறது?

ஜூலை 14, ஞாயிறு

அப்படியானால் யார்? வெட்டுத்துண்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வைப்பேன். கால்மிதி தைக்க யார் கேட்டாலும் அள்ளிக் கொடுப்பேன். பாதி மார்க்கெட் என் வெட்டுத்துண்டில்தான் கால் துடைக்கிறது. அவ்வளவு பேரையும் படிக்கட்டில் நிறுத்தித் திட்டவா முடியும்?

முடிந்தால் திட்டுவேன்.

ஜூலை 21, ஞாயிறு



சொல்லாமல் கொள்ளாமல் மைமூன் வீட்டுக்குப் போனேன். குழந்தைக்கு இரண்டு சட்டை தைத்திருந்தேன். எத்தனை நாள்தான் கையில் வைத்துக்கொண்டிருப்பது. கதவைத் திறந்தவள் முகம் வெளுத்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

லீசா வயிற்றில் துணி சுற்றிப் படுத்திருந்தாள். அறையெல்லாம் வயிற்றுக்கு ஒத்தடம் கொடுக்கும் சூட்டுக்கல்லின் வாசனை. குழந்தை நல்ல நிறம், அப்பன் மூக்கு. லீசா சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். உடனே கண் கலங்கியது.

"பெரியம்மா, மார்க்கெட் பக்கம் ஒரு வெள்ளப் பூனையப் பாத்தீங்களா? வால் மடங்கி இருக்கும். கபாஸ்னு கூப்பிட்டா வரும். ஈப்போவுலருந்து என்கூடவே கொண்டுவந்தேன். புள்ளையோட வீட்டுக்கு வந்த மறுவாரம் ஓடிப்போச்சு. அம்மா தெருத் தெருவா தேடினாங்களாம். கழுத்துல உங்க வெட்டுத்துண்டுலதான் பட்டை தைச்சுப் போட்டிருந்தேன். நீல நிறம்."

நிமிர்ந்தேன். மைமூன் அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். தலையை மட்டும் லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று.

"பாக்குறேன்மா" என்றேன். அதற்குமேல் வாயைத் திறந்திருந்தால் குழந்தை எழுந்திருக்கும்.

பசை காய்ச்சினாளே. தூணில் ஒட்டினாளே. மூலையை அழுத்தித் தடவினாளே!

ஜூலை 22, திங்கள்

காலையில் பலகாரம் இல்லாமல் மேலே வந்தாள். உட்காரச் சொல்லவில்லை நான். பூனை வெட்கமில்லாமல் அவள் காலைச் சுற்றியது.

"லீசாவோட மாமியார் வந்திருந்தாங்கக்கா. பச்சப்புள்ள இருக்குற வீட்ல பூனையான்னு கேட்டாங்க. ஒண்ணு பூனை போகணும், இல்ல புள்ளையையும் தாயையும் இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்னுட்டாங்க. காரு வாசல்லயே நிக்குது. நான் என்ன செய்ய?"

"அதுக்குச் சாக்கா?"

"மீன்கடையில விடலியே. ஒன் படியிலதானே வச்சேன். நீ கீழ எறங்குற வரைக்கும் எதிர்த்தாப்புல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"வாயத் தொறந்து கேக்குறதுக்கு என்னடி? இத்தன வருசமா என் காப்பியக் குடிக்கிறியே."

"கேட்டா நீ முடியாதுன்னு சொல்வே. இனிமே பூனையே கெடையாதுன்னு ஊருக்கே சொன்னவ நீ. சாக்கப் பாத்தா சொல்ல மாட்டே."

அதுதான் தாங்கவில்லை எனக்கு. என்னைத் தெரிந்து வைத்திருக்கிறாள், தெரிந்துகொண்டு ஏமாற்றியிருக்கிறாள். டீச்சரிடம் நான் மூக்குடைபட்டு நின்ற மறுநாளும் காப்பி குடித்துவிட்டுப் போனவள். 'சரி விடுக்கா' என்றவள். "கீழ போ" என்றேன். "இந்தப் படியில இனிமே கால வைக்காத."

போனாள். பூனை படி முனைவரை போய் உட்கார்ந்துகொண்டது. போ, நீயும் போ. போயேன்.

போகவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

யாரும் வரவில்லை. காப்பியை இரண்டு கோப்பையாகப் போட்டுத் தொலைத்தேன்.

ஜூலை 27, சனி

டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னை உட்காரவைத்துக் குளிர்ந்த ரோஜாப் பானகம் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"துணிய வேற எடத்துல குடுத்தாச்சு சல்பியா."

"சரிங்க டீச்சர்."

"பூனைக்கு ஆள் கெடைச்சாங்களா?"

"கெடைச்சாங்க."

"யாரு?"

பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ஊரறிய நான் பட்ட அவமானத்தில் பாதி அவளுடையது. சொல்லியிருக்கலாம்.

"வெளியூர்க்காரங்க டீச்சர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அதற்கும் சேர்த்து இப்போது அவள்மேல்தான் கோபம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அவள் கடைக்கு முன்னால்தான் நடந்தாக வேண்டியிருக்கிறது. நான் மீனைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன், அவள் மாவைப் பார்த்துக்கொண்டு பிசைகிறாள். தூணில் படம் இன்னும் இருக்கிறது. கிழிக்க வேண்டியதுதானே? டின் கேட்கிறான்: "ரெண்டு பேரும் எந்தச் சொத்துக்குச் சண்டை போடுறீங்க?"

பூனை இரவில் என் காலடியில் படுக்கிறது. நான் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

பத்தியம் முடிந்து லீசா வெளியே வந்துவிட்டாள். மதியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டது. பூனை அலமாரிக்குப் பின்னால் ஓடவில்லை. நேராக அவளிடம் போனது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பூனை.

இதற்காகத்தான் பத்து நாளாகப் பொய் தயாரித்து வைத்திருந்தேன். மழையில் நனைந்து வந்தது, எங்கிருந்தோ ஓடிவந்தது, எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது. ஒரு பெண் தன் தாயை நினைத்து வெறுக்கும்படி என் வாயால் ஆகக்கூடாது. மற்றதெல்லாம் எனக்கும் மைமூனுக்கும் இடையில். நன்றாகவே சொன்னேன். மழையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன்.

லீசா கேட்டு முடித்தாள். "பெரியம்மா, அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரியே. சாக்கு, படிக்கட்டு, எல்லாம். ரெண்டு நாள் நான் அவங்களோட பேசல. பெறகு புள்ளைக்கு வயித்து வலி, பேசித்தானே ஆகணும்."

எனக்குக் கோபம் வந்தது. நான் யாருக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்?

"மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது பெரியம்மா. நாளைக்குக் கெளம்பறோம்." பூனையின் கழுத்தைத் தடவினாள். பட்டையைத் தோய்த்துத் தேய்த்து மறுபடி கட்டியிருந்தேன். பிரிந்த தையலைச் சரிசெய்து. அதை விரலால் பார்த்தாள். "இது இங்கயே இருக்கட்டுமா?"

அவள் கேட்டாள். அவ்வளவுதான். வாயைத் திறந்து கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவள் போன பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். மைமூனும் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன். இல்லை. சொல்லியிருக்க மாட்டேன். 'என்கிட்டயா வந்து கேக்குற' என்று படியிறங்கும்வரை கத்தியிருப்பேன். அவள் அந்தக் காரின் முன்னால் நின்று, அதையும் நினைத்துத்தான் சாக்கை எடுத்திருக்கிறாள். அது எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

லீசா கிளம்பிவிட்டாள். கார் போன திசையைப் பார்த்துக்கொண்டு மைமூன் கடை வாசலில் நின்றதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கபாஸும் பார்த்தது. அது அதன் பெயர், இனிமேல் அப்படித்தான் எழுத வேண்டும்.

காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். பிறகு கபாஸைத் தூக்கி, அடுப்புக் காலில் அதன் பின்பக்கத்தை ஒருமுறை தேய்த்தேன். ஒருமுறை போதுமா என்று சந்தேகம். இன்னொருமுறை தேய்த்தேன். அது என் கையைப் பிறாண்டியது.

நிமிர்ந்தால் மைமூன் வாசலில், கையில் பலகாரத் தட்டோடு. எப்போது ஏறி வந்தாளோ.

"ரெண்டு தேய்ப்புத்தான்க்கா" என்றாள். "மூணு வேண்டாம்."

"எனக்குத் தெரியும்" என்றேன். "வாசல்லயே நிக்காத, ஈ வருது."