மணிக்கட்டில் ஒரு நண்டு

வந்தாறுமூலை

அம்மாவுக்கு,

போனில் நீங்கள் என்னைப் பேசவிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"பொம்புளப் புள்ள கோவத்தயா கையில குத்திக்கொண்டு வாற?" என்று கேட்டீர்கள்.

ஓம், கோபத்தைத்தான் மணிக்கட்டில் பச்சை குத்தியிருக்கிறேன். சின்ன வயதில் அக்காவும் நானும் பார்த்த கார்ட்டூன் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் சிரிப்பு ஒரு வாத்து, பயம் ஒரு முயல், கோபம் ஒரு சிவப்பு நண்டு. வாத்து அக்காவுக்கு, நண்டு எனக்கு என்று அப்போதே பிரித்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், நீளக்கைச் சட்டை போடு, பிறகு நண்டுக்கு மேலேயே வாத்தைக் குத்திக்கொள் என்கிறீர்கள். முடியாது, அம்மா. அத்தான் அடித்துக் கன்னம் வீங்கி வந்த நாளிலும் அக்கா சிரித்தாள். "பொறுத்துப் போ மகள்" என்று திரும்ப அவரிடமே பஸ் ஏற்றிவிட்டீர்கள். இப்போது மாலை போட்ட படத்திலும் சிரிக்கிறாள். நம் வீட்டுக்கு அந்தச் சிரிப்பு போதும்.

வைகாசியில் கோயில் குளிர்த்திச் சடங்கில், ஊரை எரித்த அம்மனின் கோபம் ஆறவேண்டும் என்று கைகூப்பி நிற்கிறீர்கள். பொம்பிளைக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அங்கே நீங்கள் கேட்டதேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவேன். கட்டைக்கைச் சட்டையோடு நானே தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பேன். இது என்ன என்று கேட்டால் சொல்வேன்.

அவர்கள் வருவதற்கு முன் அக்காவின் படத்தைக் கழற்றி அறைக்குள் வைக்க நினைப்பீர்கள். அதைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு மிஞ்சியிருக்கும் மகள்