இரண்டாவது ஜோடி கையுறை

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சாப்பாடு தூக்கம் எதிலும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும், இனிமேல் நாங்கள் சேர்த்து விசாரிக்க வேண்டிய இன்னொருத்தியும் அப்படியே இருக்க வேண்டும். எனக்கு வலது மணிக்கட்டில் சுளுக்கு, தையல் மெஷின் பக்கம் போகக் கூடாது என்று கட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் என்று வருவதெல்லாம் அம்மா. நடுவில் அவளாக எதையாவது நுழைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டு நான் சட்டென்று போனை வைத்தது கோபத்தினால் அல்ல. உன் கால்பந்து அணியின் இன்னொரு கோல்கீப்பரோடு நீ ஒரே வீட்டில் இருப்பது வாடகை மிச்சம் பிடிக்க என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது தோழமை மட்டும் இல்லை, வாழ்நாள் முழுக்க அவளோடுதான் என்று நீ சொன்னாய். பத்திரிகைக்காரர் ஒருவர் மோப்பம் பிடித்துவிட்டார், அவர் எழுதுமுன் நாங்களே ஊருக்குச் சொல்லிவிடப் பார்க்கிறோம், ஆனால் அப்பா வேண்டாம் என்றால் சொல்ல மாட்டோம், அவள் வேறு அணிக்குப் போய்விடுவாள், பேச்சும் அடங்கிவிடும் என்றாய். நீ அழாமல் சொன்னதுதான் எனக்கு என்னவோ செய்தது. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன்.

போனை வைத்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த இரண்டாவது ஜோடி கையுறைதான். நீ தைக்க அனுப்பும் பொட்டலத்தில் எப்போதும் இரண்டு ஜோடி இருக்கும், இரண்டும் உன்னுடையது என்றே இருந்தேன். அந்த இரண்டாவதில் விரல்கள் உன் கைக்கு நீளம், கடைக்காரன் அளவு தெரியாமல் தலையில் கட்டிவிட்டான் என்று ஒவ்வொரு தடவையும் விரல் நுனியைப் பிடித்துத் தைத்து அனுப்புவேன். அடுத்த தடவை பார்த்தால் என் தையலை யாரோ பிளேடால் அறுத்திருக்கும். என்ன முரட்டுத்தனம் இந்தப் பெண்ணுக்கு என்று உன்னைத் திட்டிக்கொண்டே இரட்டை நூல் போட்டு இன்னும் இறுக்குவேன். நேற்று மறுபடி போன் பண்ணினபோதுதான் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், அது அவளுடையது, அவள் கை உன் கையைவிடப் பெரிசு, அம்மா தைத்ததை அறுக்கிறோமே என்று ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அறுப்பாள் என்று. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விரல் நீளத்தை அப்படியே விட்டுத் தைத்திருப்பேனே. யாருக்கு என்று கேட்பேன் என்றுதானே சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஒரு பிள்ளையின் விரலை மடக்கி வைத்து விளையாட விட்டிருக்கிறேன், அதுவும் பாவம், வாயே திறக்கவில்லை.

அப்பாவுக்கு அன்றே சொல்லிவிட்டேன். அவர் எழுந்து தன் சலூனைத் திறக்கப் போய்விட்டார். மூன்று நாள் வீட்டில் அவர் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தார். யார் முதலில் எழுந்திருப்பார்கள், ஒருத்தி ஆடி இன்னொருத்தி பெஞ்சில் உட்கார்ந்த அன்றைக்கு ராத்திரி யார் சமைப்பார்கள், அவளுக்கு அப்பா இருக்கிறாரா, அவர் என்ன சொன்னார். எனக்கு எப்படித் தெரியும் சாமி என்றேன். உன் மாமா வந்திருந்தான், பஸ் ஓட்டுகிறவனுக்கு ஊர்க் கதை எல்லாம் தெரியுமே, இதெல்லாம் வயசுக் கோளாறுக்கா, ரெண்டு தோல்வி வந்தா தெளிஞ்சிடும் என்றான். உனக்கு நாப்பது வயசுல தெளிஞ்சிடுச்சா என்று கேட்டேன், காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். சலூனில் அப்பா யாரோ வேற்றூர் கோல்கீப்பர் கதை போலப் பேச்சை எடுத்திருக்கிறார். பேங்க் வாசலில் காவலுக்கு நிற்கிறாரே, உன் ஆட்டம் ஒன்று விடாமல் பார்க்கிறவர், அவர் பாதி சவரத்தில், அண்ணே, அவ பந்தைப் பிடிக்கிறாளான்னு பாப்போமா, யார் கையைப் பிடிச்சிருக்கான்னு பாப்போமா என்றாராம். பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும், எல்லாம் கெட்டுப் போச்சு என்று தலையை ஆட்டினாராம். ஆட்டாதீங்க, காது போயிடும் என்று அப்பா சொன்னாராம். இரண்டு விதமும் இருக்கும், அதையும் தெரிந்துகொண்டே நீ முடிவு செய்ய வேண்டும்.

அக்கா, அம்மா அடுப்பை அணைக்கப் போயிருக்கிறாள், அதற்குள் இது நான். எனக்குப் பயமாக இல்லை. ஒன்றுதான் தெரிந்துகொள்ள ஆசை, அவளைத்தான் பிடித்திருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரிந்தது, ஒரே நாளிலா, கொஞ்சம் கொஞ்சமாகவா. நேரில் கேட்க எனக்கு வாய் வராது. இதற்கு மட்டும் தனியாக எழுது.

என்ன எழுதினாள் என்று காட்ட மாட்டேன் என்கிறாள், போகட்டும். நேற்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன வருஷத்து ஆட்டம் ஒன்று ஞாபகம் வந்தது. உன் காலுக்கு நடுவில் பந்து போய்விட்டதே, அதுதான். கோல் விழுந்ததும் டிவியில் பெஞ்சைக் காட்டினான், அங்கே ஒருத்தி கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். அப்பா சொன்னார், நம்ம பொண்ணு தப்புப் பண்ணினா அந்த இடம் அவளுக்குத்தானே கிடைக்கும், அவ எதுக்கு மூஞ்சிய மூடிக்கிட்டா. கேட்டுவிட்டு அவரே வெகுநேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு கவலை சொன்னார். மற்றவர்களை யாராவது ஏதாவது சொல்லிக் கத்தினால் ஓடிக்கொண்டே இருப்பார்கள், காதில் விழாது. கோல்கீப்பர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் பத்தடியில் கூட்டம், திரும்பவும் முடியாது. அதனால், ரெண்டு பேரும் ஊருக்குச் சொல்லட்டும், ஆனா கோலுக்குப் பின்னாடி நமக்கு மூணு டிக்கெட் எடுக்கச் சொல்லு, கத்துறவன் நம்மளைத் தாண்டிக் கத்தட்டும் என்றார். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுமாமே, நாங்களும் எழுந்து அந்தப் பக்கம் வந்து உட்காருவோம். நல்ல இருக்கை எல்லாம் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள், பத்திரிகைக்காரரிடம் பேசும்போது நகத்தைக் கடிக்காதே. அவள் உன்னைவிடப் பெரியவளா சின்னவளா என்று எழுது, அக்கா என்பதா பேர் சொல்வதா என்று தங்கை தவிக்கிறாள். உங்கள் இருவருக்கும் பந்தும் நல்ல பேரும் கைக்குள் நிற்கட்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்று மறந்துவிடாதே. ஒரு வெள்ளைத்தாளில் அவள் இரண்டு கையையும் விரல் விரித்து வைக்கச் சொல்லி, சுற்றிலும் பென்சிலால் வரைந்து அனுப்பு. என் மணிக்கட்டு சரியாவதற்குள் வந்துவிட வேண்டும். இந்தத் தடவை அளவு பார்த்துத் தைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
(கையெழுத்து தங்கையுடையது, அப்பா பக்கத்தில் நின்று படித்துப் பார்த்தார்)