மீட்டர் வட்டும் இரண்டு கம்ப்யூட்டர்களும்

1988 செப்டம்பர் 5

பாகூர் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்களாம். யாருடைய மெஷினை எடுக்கிறார்களோ அவர்களுக்கே வகுப்பு நடத்தும் வேலையும். எனக்குப் போட்டி வில்லியனூர் சூசைநாதன். போன வருஷம் வரை மிக்சி விற்றவன், இப்போது 286 என்கிற புது மாடல் கம்ப்யூட்டர் விற்கிறான். பிராசசர் மூடிக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்றுகூடத் தெரியாது அவனுக்கு.

என்னுடையது 8088, பழைய மாடல். அத்தாவின் ரேடியோ கடையில் நானே பாகம் பாகமாகப் பூட்டியது. மெதுவானதுதான். ஆனாலும் பத்தாவது படிக்கிற செலியமேட்டு அமுதம் அதில்தான் புரோகிராம் எழுதக் கற்றாள்.

செப்டம்பர் 9

தலைமையாசிரியர் சுப்புராயன் சொல்கிறார்: "கரண்டு எது கம்மியா இழுக்குதோ அதான் நம்ம ஸ்கூலுக்கு." கம்ப்யூட்டர் வாங்குகிறாரா, குண்டு பல்பா?

செப்டம்பர் 14

இரண்டுக்கும் ஒரே கணக்கு கொடுத்து ஓட்டினோம். பள்ளிக்கூடக் கமிட்டி மொத்தமும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீட்டர் பெட்டியையே பார்த்தது. 286 ஓடியபோது வட்டு வேகமாகச் சுற்றியது; ஆனால் டீ ஆறுவதற்குள் கணக்கு முடிந்து அணைத்தாயிற்று. என்னுடையதற்கு வட்டு மெதுவாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டீ குடித்து, வெற்றிலை போட்டு, இன்னொரு டீயும் வந்தது.

"ரோஷன் மிஷினுதாம்பா சிக்கனம்" என்றார் சுப்புராயன், என்னைக் காட்டி. எல்லாத் தலைகளும் ஆடின. சூசைநாதனுக்கு மறுத்துப் பேசக்கூடத் தெரியவில்லை. தண்டம்.

வாயை மூடியிருந்தால் வேலை எனக்கு. மூடத்தான் நினைத்தேன். ஆனால் இந்த மடையர்கள் தலையாட்டியா நான் ஜெயிப்பது?

"சார், அது வேகமா இழுத்தாலும் சீக்கிரம் முடிச்சிட்டு நின்னுடுது. மொத்தமா பாத்தா என்னுதுதான் அதிகம் தின்னுது."

"இன்னாம்மா, உன் மிஷின நீயே கவுக்கிற?" என்றார் அவர்.

வீட்டில் அத்தா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

செப்டம்பர் 20

ஆர்டர் சூசைநாதனுக்கே. அழுதேன். ஏன் வாயைத் திறந்தேன் - இன்னா திமிரு எனக்கு?

நவம்பர் 14

பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்தேன். 286-க்கு வெல்வெட் உறை, ஆயுத பூஜைச் சந்தனம், காய்ந்த சாமந்தி மாலை. அறைக்குப் பூட்டு. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடுமாம்.

"சூசைநாதன் சாரு கீபோர்ட நோட்டுல வரைய சொல்லி, அதுமேல வெரல வச்சி அமுத்தச் சொல்றாருக்கா" என்றாள் அமுதம்.

ஒரு யூனிட்கூட இழுக்காத கம்ப்யூட்டர். கமிட்டி கேட்டது கிடைத்துவிட்டது.

சாயங்காலம் அமுதம் வகுப்பையே கடைக்கு இழுத்து வந்துவிட்டாள். என் ஆமை முக்கி முனகி ஒவ்வொரு விடையாகத் தந்தது. யாரும் எழுந்து போகவில்லை. உட்கார இடம் போதாமல், அத்தா ரேடியோக்களைத் தூக்கித் தரையில் வைத்தார்.