ஒன்பது ஐந்துச் செய்தி

மகனுக்கு,

தினமும் காலை ஒன்பது ஐந்துக்கு, "ஆபீஸ் வந்துட்டேம்மா" என்று உன் செய்தி வருகிறது. மழையானாலும் நெரிசலானாலும் அதே ஒன்பது ஐந்து. எனக்கு அதுதான் உறுத்தியது. வேலையே போய்விட்டதோ, எங்காவது ஊர் சுற்றுகிறாயோ என்று என்னென்னவோ நினைத்தேன்.

நேற்று கடையில் என் தையல் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எங்கள் கடை உன் ஆபீஸுக்குப் பாதி வழி. செய்தி வந்தது. நிமிர்ந்தால், கடை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது உன் கார். ஒரு கை ஸ்டியரிங்கில், கண் மடியிலிருந்த போனில். சாலையைக் கடக்க இறங்கிய பள்ளிக்கூடத்துச் சிறுமி பதறிப் பின்வாங்கி நடைபாதையில் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. நான்தான் மருந்து போட்டேன்.

சாயங்காலம் கேட்டேன்: "காலையில ரோட்ல ஏதாவது ஆச்சாப்பா?"

"ஒண்ணுமில்லையேம்மா."

நீ பொய் சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். உனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

போய்ச் சேர்ந்ததும் சொல் என்று கேட்டவள் நான்தான். இனி சொல்ல வேண்டாம். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டே தைத்துவிட்டுப் போகிறேன்.

இதைக் காகிதத்தில் எழுதி உன் சாப்பாட்டுப் பையில் வைத்திருக்கிறேன். போனில் அனுப்பியிருந்தால், எங்கள் கடையைத் தாண்டும்போதுதான் படித்திருப்பாய்.

அம்மா