மூன்றாம் ஓலை

ஐப்பசி, திங்கள். விடாத மழை.

கட்டிலடியில் நைனா கொண்டுவந்து வைத்த கயிற்றுத் துண்டு. முனையைக் கிள்ளினேன். மாவாக உதிர்ந்தது. போன வாரம் துறைமுகத்தில் இது அறுந்துதான், நைனாவோடு படகில் வேலை செய்த சூசை அண்ணன் படகுக்கும் கப்பலுக்கும் நடுவே நசுங்கிச் செத்தது. கயிறு மக்கிவிட்டது, மாற்றுங்கள் என்று படகாட்களுக்குத் தலைவரான தண்டல், நைனா, முன்பே சொல்லியிருந்தாராம். படகுகளின் சொந்தக்காரரான காண்ட்ராக்டர் காதில் விழவில்லை.

நேற்று மாதா கோயிலில் என் கல்யாணத்தை ஊருக்கு அறிவிக்கும் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு மூன்றாவது. பிறகு தாலி. மாப்பிள்ளைக்குக் காண்ட்ராக்டர் கிடங்கில் வேலை. என் பெயர் கேட்டதும் முக்காட்டுக்குள் முகம். யாரும் எழும் முன்பே பக்க வாசல் வழியாக ஓட்டம். எப்போதும் அப்படித்தான்.

செவ்வாய். தூறல். உப்பு தீர்ந்தது.

காண்ட்ராக்டரின் மேஸ்திரி நைனாவைத் தேடி வந்தான்.

"தோ பாரு சவரி, வியாழக்கிழம விசாரணைல துரை கேப்பாரு. சூசை குடிச்சிக்கினு இருந்தான்னு ஒரே வார்த்த. பொண்ணு கல்யாணம் ஐயா பொறுப்பு. இல்லாங்காட்டி உனுக்கு வேல இல்ல. மாப்ள வூட்லயும் யோசிப்பாங்க."

"அவன் குடிச்சி நான் பாத்ததில்லியேப்பா."

"செத்தவனுக்கு இன்னா, கோச்சிக்கவா போறான்?"

அவன் போனதும் அம்மா என்னிடம்: "அந்தக் கயித்த அடுப்புல போடுடி. சூசை பொண்டாட்டிக்குத்தான் புருசன் பூட்டான். உனுக்கு வர்றவனும் பூடணுமா?"

எடுத்துப் போனேன். அடுப்பெதிரே உட்கார்ந்தேன். ஈரம், எரியாது என்று அம்மாவிடம் சொல்லித் திருப்பிக்கொண்டுவந்து வைத்தேன்.

புதன். துணி காயவில்லை.

"நீ இன்னா கண்ணு சொல்றே?" என்றார் நைனா. பொய் சொல்லுங்க நைனா. நாக்கு நுனி வரை வந்தது. குனிந்து அரிசியில் கல் பொறுக்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளை ஏன் கேட்கிறார்? கேட்காமலே இருந்திருக்கலாம்.

வியாழன். கடல் இரைச்சல்.

நைனா கயிற்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு விசாரணைக்குப் போனார். உள்ளதைச் சொன்னாராம். அது என் படகுக் கயிறே இல்லை என்றாராம் காண்ட்ராக்டர். துரை 'விபத்து' என்று எழுதிக்கொண்டார். குடி என்றும் இல்லை, கயிறு என்றும் இல்லை. சூசை அண்ணன் பெண்டாட்டி மரியாளுக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடையாது. நைனாவுக்கு வேலை போயிற்று. இதற்குத்தானா!

மரியாள் வெளியே காத்திருந்தாளாம். கேட்டது ஒன்றுதான். "குடிச்சான்னு எய்தலியேண்ணே?"

வெள்ளி. வானம் மப்பு.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள். "கொஞ்ச நாள் பொறுத்துக்கலாம்னு சொன்னாங்க." நைனாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கல்யாண ரவிக்கைக்கு ஒரு கை தைத்தாயிற்று. இன்னொரு கை துணியாகவே கிடக்கிறது.

ஞாயிறு. நல்ல வெயில்.

பிரசங்கத்தில் சாமியார்: பணத்தை நம்பாதீர்கள், கடைசி நாளில் அது கூட வராது, நேர்மைதான் காப்பாற்றும். முன் பெஞ்சில் காண்ட்ராக்டர். ரொம்பச் சரி என்று தலையாட்டல். பணம் கடைசி நாளில்தானே கைவிடும். நைனாவின் நேர்மை வெள்ளிக்கிழமையே கைவிட்டது.

ஓலை வாசித்தார்கள். வேறு யார் யாரோ. என் பெயர் இல்லை.

பின்னால் குசுகுசு. "மூணாவது ஓலைல நின்னுப்போச்சே, பொண்ணுகிட்ட இன்னா கோளாறோ?"

ஆண்கள் பக்கம் நைனா. பார்வை பீடத்தில். பெண்கள் பக்கம் பாயில் மரியாள். அவளைச் சுற்றி மட்டும் தரை காலி. காண்ட்ராக்டர் பார்த்துவிடுவார் என்ற பயம். மடியில் குழந்தை அழுகை.

பூசை முடிந்தது. பக்க வாசல் எனக்கு எட்டும் தூரம்தான். மரியாளிடம் போனேன். குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். காண்ட்ராக்டருக்கு முன்னால், நடு வாசல் வழியாக வெளியே நடந்தேன்.